சந்திக்கு எந்தப் பக்கம்

லூயிஷாமில் துசியந்தி அக்காவின் வீட்டு மேலறையில் நான் வாடகைக்கு வந்து மூன்று வருசமாகிறது. பெற்றோல் ஸ்ரேசனில் ஐந்து நாள் ஷிப்ட், சனிக்கிழமை ஓய்வு. ஓய்வு என்பது பேச்சுக்குத்தான். சனி காலை ஆறு மணிக்கு அக்கா மாடிப்படியடியில் நின்று "தம்பி" என்று ஒரு தரம் கூப்பிட்டால் நான் கீழே இருக்க வேண்டும். அதற்காக வாடகையில் குறைத்ததாக அக்கா சொல்வா. நான் அதை நம்பியதில்லை. சாப்பாட்டுக்காகத்தான் இறங்கினேன்.

வீட்டின் பின்பக்கத்தை இழுத்துக் கட்டி, மூன்று பெரிய அடுப்பு வைத்துச் சமையல் செய்துவந்தா அக்கா. பிறந்தநாள், சாமத்தியவீடு, அந்தியேட்டி என்று நல்லது கெட்டதுக்கெல்லாம் ஓடர் வரும். எல்லாவற்றிலும் நிலையான ஓடர், மாதத்தில் முதல் சனிக்கிழமை மூத்தோர் மன்றத்தின் மதியச் சாப்பாடு. மரக்கறிச் சாப்பாடு, எண்பது தொண்ணூறு பேருக்கு. கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, பூசணிக்காய், வாழைக்காய்ப் பொரியல், ரசம், வடை, பாயாசம். கத்தரிக்காயைப் பொரித்து எடுக்கும்போது பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து மூக்கை உறிஞ்சுவார். கவுன்சில்காரர் வந்து தட்டித் தடவிப் பார்த்து ஐந்து நட்சத்திரம் கொடுத்த பச்சை ஸ்டிக்கர் முன் கதவில் இருந்தது. சுத்தத்துக்கு அதற்கு மேல் சான்றிதழ் இந்த நாட்டில் கிடையாது.

அக்காவின் புருசன் விஜயரத்தினம் அண்ணை பஸ் ஓட்டுகிறார். ஒரு கிழமைக்கு நாற்பது வார்த்தை பேசினால் அதிகம். ஒரே மகள் கோசிகா லீட்ஸில் படிக்கிறாள். கீழே முன்னறையில் அக்காவின் தகப்பன் தர்மலிங்கம் ஐயா. எண்பத்திரண்டு வயது. வெள்ளைச் சேர்ட்டை வீட்டுக்குள்ளும் இஸ்திரி போட்டுத்தான் உடுத்துவார். சமையல் நாட்களில் வெங்காயம் உரிப்பது அவருடைய வேலை. உள்ளிப்பூண்டும் உரிப்பார். அரசியல் செய்தி கேட்டபடி உரித்தால் தோல் தடிப்பாகப் போகும் என்று அக்கா றேடியோவை நிற்பாட்டிவிடுவா.

அவர்கள் ஹொலண்டில் பதினைந்து வருசம் இருந்துவிட்டு, பாஸ்போட் எடுத்துக்கொண்டு லண்டனுக்கு மாறிய குடும்பம். ஏன் மாறினார்கள் என்று நான் கேட்டதில்லை. ஊர் எது என்று மட்டும் கேட்டிருக்கிறேன். அதைக் கேட்காமல் நம்முடைய ஆட்களால் ஒரு தேத்தண்ணி குடிக்க முடியாது. அக்கா ஒரு சந்தியின் பெயரைச் சொன்னா. சந்தி எல்லோருக்கும் பொது. அடுத்த கேள்வி, சந்திக்கு எந்தப் பக்கம் என்பது. "பள்ளிக்கூடத்தடி" என்றா அக்கா. பள்ளிக்கூடத்தடியும் பொதுதான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து ரெலிபோனில், "சாப்பாடு தாற ஆக்கள் எப்பிடி?" என்று கேட்டபோது, "நல்ல ஆக்கள் அம்மா" என்றேன். அம்மா கேட்டது என்னவென்று எனக்குத் தெரியும். நான் சொன்ன பதிலுக்கு அம்மா என்ன அர்த்தம் எடுத்தா என்றும் தெரியும்.

தை மாதக் கடைசியில், ஈரப்பனி கொட்டிய ஒரு பின்னேரம், மூத்தோர் மன்றச் செயலாளர் தியாகராஜா வீட்டுக்கு வந்தார். ஓய்வுபெற்ற கணக்காளர். கோப்பு இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. கோப்பைத் திறந்து ஒரு பழைய பத்திரிகைப் பக்கத்தின் பிரதியை எடுத்து மேசையில் வைத்தார். அறுபத்தெட்டாம் ஆண்டுப் பத்திரிகை. இணையத்தில் வேறெதையோ தேடும்போது அகப்பட்டதாம். படத்தில் சந்தித் தேநீர்க் கடையின் முன்னால் இருபது இளைஞர்கள். நடுவில் வெள்ளைச் சேர்ட்டும் மூக்குக்கண்ணாடியுமாகத் தர்மலிங்கம் ஐயா, கறுப்பு முடியோடு.

"ஐயா, இப்பிடி ஒரு ஆள் எங்கட மன்றத்துக்குள்ள மாதாமாதம் வந்து பின் வாங்கில இருந்திட்டுப் போறியள். ஒரு சொல்லுச் சொல்லேல்லையே."

"கேட்டால்தானே சொல்லுறது" என்றார் ஐயா.

கதை எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அந்தக் கடையில் ஒரு பகுதி ஆட்களை உள்ளே விடுவதில்லை. வாசலில் நிற்க வேண்டும். தேத்தண்ணி சோடாப் போத்தலில் ஊற்றிக் கொடுப்பார்கள். வாங்குப் பலகையில் குந்தியிருக்கக் கூடாது, கிளாசைத் தொடக் கூடாது. ஐயா ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் போய் வாங்கில் இருந்தார். அடித்தார்கள். மறுநாளும் போய் இருந்தார். கடைக்காரர் சுடுதண்ணீரை ஊற்றினார். அதற்கு மறுநாளும் போனார். ஏழு மாதம் மறியல் வீட்டில் அடைபட்டிருந்தார். வந்து திரும்பவும் போனார். கடைசியில் கிளாசில் தேத்தண்ணி வந்தது. பிறகு அதே ஆட்களோடு கோயில் வாசலுக்குப் போனார்.

தியாகராஜா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய குரல் உண்மையாகவே தழுதழுத்தது.

"எனக்கு அதில பெரிசாய்ப் படுறது என்ன தெரியுமே ஐயா? எங்கட ஆக்களுக்கையிருந்து ஒருத்தர் அந்தச் சனத்துக்காக இறங்கிறதெண்டால் அந்தக் காலத்தில லேசுப்பட்ட காரியமே. சொந்தம் சுற்றம் எல்லாம் கைவிட்டிருக்கும். கலியாணம் பேசியிருக்க மாட்டாங்கள்."

ஐயா மகளைப் பார்த்தார். அக்கா தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றா.

"ஆறப்போகுது, குடியுங்கோ தியாகராஜா அண்ணை" என்றா.

அவர் குடித்தார். பத்திரிகையில் ஐயாவைத் தலைவர் என்று போட்டிருக்கிறது, சேர்ட்டு வெள்ளையாக இருக்கிறது, கண்ணாடியும் போட்டிருக்கிறார். ஆகவே அவர் நம்முடைய பக்கத்து ஆள். கணக்காளரின் கணக்கு அப்படி வந்திருந்தது. நக்கலாகச் சொல்கிறேன், ஆனால் அந்த நிமிடம்வரை என்னுடைய கணக்கும் அதுதான். அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு விடை பிழையென்று விளங்கியது.

மாசி முதல் சனிக்கிழமை, சாப்பாட்டுக்கு முன்னால், ஐயாவுக்குப் பொன்னாடை போர்த்துவதாக முடிவாயிற்று.

தியாகராஜா போன பிறகு அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்தா. நான் எழுந்து மேலே போகப் பார்த்தேன். "இரு தம்பி, உனக்கும் விளங்கியிருக்கும். இனி என்னத்துக்கு ஒளிக்கிறது" என்றா. நான் இருந்தேன்.

"அப்பா, சால்வையை வாங்குங்கோ. 'நன்றி' எண்டு சொல்லுங்கோ. வந்து இருங்கோ. வேற ஒண்டும் கேக்கேல்லை."

"அவர் என்னை ஆர் எண்டு நினைச்சுக்கொண்டு போடப்போறார், தெரியுமே உனக்கு?"

"தெரியும்."

"அப்ப அது ஆருக்குப் போடுற சால்வை?"

"ஆருக்கும் போடட்டும். தோளில கிடக்கப்போறது அஞ்சு நிமிசம்."

"உன்ர அப்பப்பா கள்ளுச் சீவல் தொழிலாளி. என்ர முதல் சேர்ட்டு அந்தக் காசில வாங்கினது. அந்த மனுசனையும் சேர்த்து மறைக்கச் சொல்லுறாய்."

"மறைக்கச் சொல்லேல்லை. சொல்லாமல் இருக்கச் சொல்லுறன்."

"இரண்டும் ஒண்டுதான் பிள்ளை."

அக்கா கதிரையை இழுத்து அவருக்கு நேரே இருந்தா.

"அண்டைக்கு உங்களுக்குத் தேத்தண்ணி தர மாட்டம் எண்டவை. நீங்கள் போய் இருந்தியள். இண்டைக்கு அதே ஆக்கள் நான் சமைக்கிறதை வழிச்சு வழிச்சுத் தின்னினம். இன்னும் கொஞ்சம் கத்தரிக்காய் போடு பிள்ளை எண்டு கேட்டுத் தின்னினம். இதில உங்களுக்கு என்ன குறை?"

"தெரியாமல் தின்னினம்."

"தெரியாமல் திண்டால் வயிறு நிரம்பாதே?"

"அவையின்ர வயிறு நிரம்பும். எனக்கு நிரம்பேல்லை."

"உங்களுக்கு ஹொலண்டை மறந்துபோச்சு. எனக்கு மறக்கேல்லை." அக்கா என் பக்கம் திரும்பினா. "தம்பி, அங்க ஒரு பிறந்தநாளுக்கு முன்னூறு றோல்ஸ் உருட்டிக் கொண்டு போனனான். இரண்டு நாள் நித்திரை இல்லை. ஆரோ ஊரிலயிருந்து வந்த ஆள் எங்களைப் பற்றிச் சொல்லியிருக்கு. ஒருத்தர் தொடேல்லை. ஒருத்தரும் ஒண்டும் சொல்லவும் இல்லை. 'நாங்கள் சாப்பிட்டிட்டு வந்தனாங்கள்', 'எனக்கு எண்ணெய் ஒத்துக்கொள்ளாது'. சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லிச்சினம். முன்னூறும் திரும்பி வந்தது. ஒரு கிழமையா நாங்களே திண்டம். கோசிகாவுக்கு அப்ப எட்டு வயசு, 'ஏன் அம்மா நெடுக றோல்ஸ்' எண்டு கேட்டாள். நீங்கள் அடி வாங்கினியள் அப்பா, அதில ஒரு பெருமை இருந்தது. நான் வாங்கினதில ஒண்டுமே இல்லை."

வெளியே பனி மழையாக மாறியிருந்தது. விஜயரத்தினம் அண்ணை ஷிப்ட் முடிந்து வந்து, ஈர ஜக்கெட்டோடு நின்று இரண்டு பேரையும் பார்த்தார். யாரும் சொல்லாமலே விளங்கிக்கொண்டு, அடுப்பில் கிடந்த தாச்சிச் சட்டியை எடுத்துக் கழுவத் தொடங்கினார்.

"சரி" என்றார் ஐயா. "நான் கதைக்கேல்லை. நன்றி எண்டு மட்டும் சொல்லுறன்."

அடிக்கும் சுடுதண்ணீருக்கும் வாயை மூடாத மனுசன் மகளுடைய மூன்று அடுப்புக்காக மூடினார். எனக்கு அவரைப் பார்க்கக் கவலையாக இருந்தது.

மாசி முதல் சனி. தேவாலயத்துக்குப் பக்கத்து மண்டபம், மாதம் ஒரு நாள் மன்றம் வாடகைக்கு எடுப்பது. எண்பத்தாறு பேர் வந்திருந்தார்கள். கோட்டுகளைக் கழற்றிக் கதிரை முதுகில் போட்டு, சீனி எவ்வளவு, பிறஷர் எவ்வளவு என்று விசாரித்துக்கொண்டு இருந்தார்கள். நானும் அக்காவும் பின்சுவரோரம் நீட்டு மேசையில் சாப்பாட்டுத் தட்டங்களை அடுக்கினோம். தேத்தண்ணி பார்க்கும் மேரிசாந்தி மூடியைத் தூக்கி மணம் பிடித்து, "இண்டைக்கு வடை கனக்கக் கொண்டந்தனியே?" என்று கேட்டா. "ஓம் அக்கா, அப்பாவின்ர நாள்தானே" என்றா துசியந்தி அக்கா. அவவுக்கு அன்றைக்குச் சந்தோசம்தான். அதை நான் சொல்ல வேண்டும். பயம் இருந்தது, சந்தோசமும் இருந்தது.

தியாகராஜா பேசினார். பத்திரிகைப் படத்தைப் பெருப்பித்துச் சுவரில் ஒட்டியிருந்தார். நன்றாகத்தான் பேசினார். தேதி, மாதம் எல்லாம் சரி. "உயர்ந்த இடத்தில பிறந்தும் கீழ இறங்கி வந்து, அந்த மக்களின்ர கையைப் பிடிச்சு வாங்கில இருத்தினவர்" என்றபோது கைதட்டினார்கள். ஐயா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அகப்பையால் ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தா. கலக்கத் தேவையே இல்லை.

"எவ்வளவு கலவரம் நடந்திருக்கு எண்டால்," தியாகராஜா காகிதத்தைப் புரட்டினார், "மூன்றாம் நாள் கல்லெறியில அந்தச் சனத்தில ஒரு பெட்டையும் அடிபட்டுச் செத்துப்போச்சாம். அப்பிடியும் ஐயா பின்வாங்கேல்லை."

பொன்னாடையைப் போர்த்தினார்கள். ஐயா மைக்கை வாங்கினார். "நன்றி" என்றார். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இருந்தார். கைதட்டல் முடியும் முன்னரே இருந்துவிட்டார். சால்வையின் கரையைப் பிடித்திருந்த கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அவ்வளவு தூரத்திலிருந்தும் அது எங்களுக்குத் தெரிந்தது.

அக்கா அகப்பையை வைத்தா. ஏப்ரனோடேயே கதிரைகளுக்கு நடுவால் முன்னுக்கு நடந்தா. சாப்பாடு தயார் என்று சொல்லப் போகிறா என்று நினைத்துச் சிலர் எழும்பினார்கள்.

"தியாகராஜா அண்ணை, நீங்கள் சொன்னதில ஒரு பிழை இருக்கு." மைக் இல்லை. ஆனாலும் கேட்டது. "அப்பா ஒருத்தருக்காகவும் இறங்கி வரேல்லை. தனக்காகத்தான் போனவர். வாசலில நிண்டு போத்தலில குடிச்ச ஆக்கள் நாங்கள்தான். செத்த பெட்டை எண்டு சொன்னியள். அவவுக்குப் பேர் சுசிலா. அப்பாவின்ர தங்கச்சி, எனக்கு மாமி. பதினேழு வயசு. நாலு நாள் ஆஸ்பத்திரியில கிடந்து செத்தவ."

ஒருவர் இருமினார்.

"இனிச் சாப்பாடு குடுக்கப்போறன். சாப்பிடுற ஆக்கள் வாங்கோ" என்றுவிட்டு அக்கா திரும்பி வந்து தட்டங்களுக்குப் பின்னால் நின்றா. முகம் வெளிறியிருந்தது. அகப்பையை எடுத்துச் சரியாகப் பிடித்துக்கொண்டா.

அதன் பிறகு நடந்ததை நாடகம் என்று சொல்ல முடியாது. யாரும் ஏசவில்லை. யாரும் கதவை அடித்துச் சாத்தவில்லை. ஒருவருக்குப் பேரப்பிள்ளையை எடுக்கப் போக வேண்டியிருந்தது. ஒருவருக்கு றெயினுக்கு நேரமாகிவிட்டது. இரண்டு பேருக்கு அன்றைக்கு விரதம் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. கோட்டுகளை மாட்டும்போது எல்லோரும் ஐயாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுத்தான் போனார்கள். மேரிசாந்தி முதலாவதாகத் தட்டை நீட்டினா. அவவுக்குப் பின்னால் ஒருவர், பிறகு இருவர். ஒரு அம்மா வழமைபோலக் கத்தரிக்காய் இரண்டு தரம் கேட்டா. முப்பது பேருக்கு மேல் வரவில்லை.

தியாகராஜாதான் என் மனதில் நிற்கிறார். அவர் போகவில்லை. செயலாளர் போக முடியாது. தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் வந்தார். சோற்றைக் கடந்தார், பருப்பைக் கடந்தார், பாயாசத்தைக் கடந்தார். கடைசியில் ஒரு வாழைப்பழம் எடுத்தார். வாழைப்பழத்துக்குத் தோல் இருக்கிறது.

திரும்பி வரும்போது, நான் ஓட்டிவந்த வானில் மிச்சச் சாப்பாடு தட்டம் தட்டமாகக் கிடந்து மணத்தது. ஐயா முன்சீட்டில்.

"நான் குடுத்த சொல்லைக் காப்பாத்திப்போட்டன்" என்றார்.

"ஓம் அப்பா."

"நீ ஏன் சொன்னனி? உனக்காகத்தானே வாயைப் பூட்டி வைச்சிருந்தன்."

"சால்வையைப் பிடிச்சிருந்த உங்கட கையைப் பார்த்தன். என்னாலதான் அப்பிடி நடுங்குது எண்டு விளங்கிச்சு. மாமியைப் பெட்டை எண்டு சொன்னதுக்கும் கை தட்டுற சனத்துக்கு ரசம் ஊத்த எனக்கு ஏலாமல் போச்சு."

ஐயா சுசிலாவுக்காக அழுதார். ஐம்பத்தேழு வருசத்துக்குப் பிறகு, ஒரு சிவப்பு லைட்டில் நிற்கும்போது, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அக்கா பின்னாலிருந்து அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டா. பச்சை விழுந்ததும் நான் வானை எடுத்தேன்.

திங்கட்கிழமை தியாகராஜாவின் ரெலிபோன் வந்தது. மரியாதையாகப் பேசினார். ஒரு மாற்றத்துக்கு அடுத்த மாதம் வேறு இடத்தில் சாப்பாடு எடுப்போம் என்று கமிட்டி யோசிக்கிறதாம். "நல்லது அண்ணை" என்றா அக்கா. புதன்கிழமை ஒரு சாமத்தியவீட்டு ஓடர் கைவிட்டுப் போனது. வெள்ளிக்கிழமை இன்னொன்று. காரணங்களெல்லாம் அழகாக இருந்தன. மூன்று அடுப்பில் இரண்டு குளிர்ந்துவிட்டன. அக்கா ஒரு நர்சிங் ஹோம் சமையலறைக்கு விண்ணப்பம் போட்டா. விஜயரத்தினம் அண்ணை சனிக்கிழமையும் ஷிப்ட் எடுத்தார். நான் வாடகையை முழுதாகக் கொடுத்தேன். அக்கா வாங்கிக்கொண்டா.

பங்குனி முதல் சனி காலை என்னை யாரும் கூப்பிடவில்லை. பழக்கத்தில் விழித்துக் கீழே வந்தேன். ஐயா வெள்ளைச் சேர்ட்டும் கோட்டும் போட்டு மேசையடியில் இருந்தார். அக்கா வீட்டுச் சட்டையோடு சுவரில் சாய்ந்து நின்றா.

"வெளிக்கிடு பிள்ளை. சாப்பாட்டுக்குப் போவம்."

"எங்க?"

"மன்றத்துக்கு. வருசத்துக்குச் சந்தா கட்டினனான். அங்கத்தவர் ஒரு விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு போகலாம். விதி பதினொண்டு."

"விசரே உங்களுக்கு? அவை எழும்பிப் போனால்?"

"எழும்பிறது அவையின்ர கால். இருக்கிறது எங்கட குண்டி." ஐயா சிரிக்கவில்லை. வேலை சொல்பவரைப்போலச் சொன்னார். "பின் வாங்கு வேண்டாம். நடு மேசை. ஒருத்தரோடையும் கொழுவிச் சண்டை பிடிக்கக் கூடாது. தந்தால் சாப்பிட வேணும். தராட்டில் இருக்க வேணும். மண்டபம் பூட்டுமட்டும் எழும்பக் கூடாது. வேற ஒண்டும் இல்லை."

"எனக்குக் கால் நடுங்குது அப்பா."

"முதல் நாள் எனக்கும் நடுங்கினது. இருந்த பிறகு தெரியாது."

அக்கா மேலே போய்ச் சேலை உடுத்து வந்தா. நானும் கூடப் போனேன். விதி பதினொன்றின்படி எனக்கு இடமில்லை. மேரிசாந்தியோடு தேத்தண்ணி மேசையில் நின்றேன்.

எட்டுக் கதிரை போட்ட நடு மேசையில் ஐந்து பேர் ஏற்கெனவே இருந்தார்கள். ஐயா வணக்கம் சொல்லிவிட்டுக் கதிரையை இழுத்தார். அக்கா பக்கத்தில் இருந்தா. ஐந்து பேரில் மூவருக்குக் கொஞ்ச நேரத்தில் வேறு மேசையில் ஆள் தெரிந்தது. இருவர் இருந்தார்கள். அதில் ஒருவருக்குக் காது கேட்காது. மற்றவர் ஐயாவின் பக்கம் தண்ணீர்ப் போத்தலைத் தள்ளிவைத்தார்.

புதுச் சமையல்காரர் இந்திய ஆட்கள். பரிமாற வந்தவருக்கு ஒன்றும் தெரியாது. "சாம்பார் ஊத்தட்டுமாம்மா?" என்று குனிந்து கேட்டார். நாலு வருசமாக அந்த மண்டபத்தில் நின்றபடியே எல்லோருக்கும் பரிமாறிய அக்காவை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவ அதற்குமுன் ஒரு நாளும் அங்கே இருந்து சாப்பிட்டதுமில்லை. பரிமாறுபவரை நிமிர்ந்து பார்த்தா. "ஊத்துங்கோ" என்று ஐயா சொன்னார்.

மெதுவாகச் சாப்பிட்டார்கள். ஐயா இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கினார். பாயாசம் முடிந்தது. கோட்டுகள் போயின. பிள்ளைகள் வந்து பெற்றோரைக் கூட்டிப் போனார்கள். மேசைகளை மடிக்கத் தொடங்கினார்கள். அவர்கள் இருந்த மேசை மட்டும் மடிக்கப்படாமல் நின்றது. தியாகராஜா மண்டபத்தைப் பூட்டும் திறப்புக் கோர்வையோடு வந்து கொஞ்சம் தள்ளி நின்றார்.

அக்காதான் முதலில் எழுந்தா. ஐயாவுக்குக் கை கொடுத்து எழுப்பினா. கைப்பைக்குள்ளிருந்து ரெலிபோனை எடுத்துக் கலண்டரைத் திறந்தா.

"தியாகராஜா அண்ணை, சித்திரை முதல் சனி எத்தினையாம் திகதி?"

அவர் திகதியைச் சொன்னார். அக்கா அதைக் குறித்துக்கொண்டா.